கைக்குத் தெரிந்தது வாய்க்கு வருமா? பியர் லூடர்ஸ் பற்றி

செம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பாப்ஸ்லெட்டில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பியர் லூடர்ஸ் என்ற கனடாக்காரர் பிறகு ரஷ்யாவுக்கும் தென்கொரியாவுக்கும் பயிற்சியாளராகப் போனார் என்று படித்தேன். ஓட்டுவது வேறு, ஓட்டக் கற்றுத் தருவது வேறு இல்லையா? சாம்பியனாக இருந்தவர் நல்ல வாத்தியாராக முடியுமா? அப்படியே இன்னொன்று. என் அண்ணன் தொண்ணூறு கிலோ, நூறு மீட்டர் நன்றாக ஓடுவான். அவனுக்கு இதில் ஏதாவது வழி உண்டா?"

அண்ணன் விஷயத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், பதிலில் என் சாய்வும் இருக்கும் என்பதால். சயானில் இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டமும் நீளம் தாண்டுதலும் சொல்லித் தருகிறேன். பனியை வாழ்க்கையில் ஒரே முறை, மணாலிக்குப் போனபோது தொட்டிருக்கிறேன். பாப்ஸ்லெட்டை, அதாவது பனிக்கால்வாயில் சறுக்கி இறங்கும் அந்த வண்டியை, தொட்டதே இல்லை. ஆனால் 1998 பிப்ரவரியில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்க மூலையில், ஒரே பந்தயத்தில் இரண்டு அணிகளுக்குத் தங்கம் என்று நாலு வரிச் செய்தி ஒன்றைப் பார்த்தேன். மலையிலிருந்து நான்கு முறை இறங்கி, நேரத்தைக் கூட்டினால் இரண்டு வண்டிகளுக்கும் நூறில் ஒரு நொடிகூட வித்தியாசமில்லையாம். அது எப்படி என்று தேடப் போனவன்தான், இன்னும் திரும்பி வரவில்லை. அந்த இரண்டு வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர்தான் லூடர்ஸ்.

பனி பார்க்காதவர்களிலேயே மும்பைக்காரருக்கு இந்த விளையாட்டைப் புரியவைப்பது எளிது. தாதரில் லோக்கல் நகரத் தொடங்கிய பிறகு ஓடி ஏறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். (நீங்கள் செய்யாதீர்கள். நான் ஒரு முறை செய்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனவன்.) கம்பியைப் பிடித்து, வண்டியின் வேகத்துக்குக் காலைக் கொண்டுவந்து, சரியான அடியில் உள்ளே தாவ வேண்டும். பாப்ஸ்லெட்டின் தொடக்கமும் இதுதான். என்ன, இங்கே ரயிலையும் நாமே தள்ள வேண்டும். இருவர் வண்டி காலியாகவே குறைந்தது 170 கிலோ. ஆட்களோடு சேர்த்து 390 கிலோவைத் தாண்டக் கூடாது. நால்வர் வண்டி என்றால் 210, 630. ஐம்பது மீட்டர் உயிரைக் கொடுத்துத் தள்ளிவிட்டு, ஒருவர் பின் ஒருவராகத் தாவி, ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டி மடங்கி உட்கார வேண்டும். நால்வர் வண்டியில் அந்த உட்காருதல் நம் லோக்கலின் 'நாலாவது சீட்' மாதிரி. மூன்று பேர் பெஞ்சில் பாதித் தொடையை மட்டும் வைத்துக்கொண்டு பாண்டுப் வரை போகிறோமே, அதே நெருக்கம்தான். ஆனால் மணிக்கு 130, 140 கிலோமீட்டர் வேகத்தில்.

தள்ளுவதில் கொஞ்சம் பிந்தினாலே கதை கந்தல். மேலே பத்தில் ஒரு நொடி போனால் கீழே வரும்போது அது மூன்று மடங்காகிவிடும் என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதனால்தான் ஓட்டப்பந்தயக்காரர்களையும் பளுதூக்கும் உடம்புக்காரர்களையும் தேடி எடுக்கிறார்கள். அது அண்ணன் பாடு. லூடர்ஸ் பாடு வேறு.

முன்னால் உட்காருகிறவர்தான் பைலட். பின்னால் இருப்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வருகிறார்கள், அவர்களுக்கு எதுவும் தெரியாது. பிரேக் பிடிக்கும் ஆள் கடைசியில் இருக்கிறார், அதையும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் இழுப்பார். நடுவழியில் இழுத்தால் பிரேக்கின் பற்கள் பனியைக் கீறிவிடும். பைலட் கையில் இரண்டு வளையங்கள். அவற்றிலிருந்து கயிறு போய் முன் அச்சைத் திருப்புகிறது. அவ்வளவுதான் ஸ்டியரிங். வளையத்தை இழுக்கும் அளவு விரல் அகலம்கூட இருக்காது. தேவைக்கு மேல் இழுத்தால் வண்டியின் அடியிலுள்ள எஃகுச் சறுக்குக் கம்பிகள் (ரன்னர்கள்) பனியில் உராய்ந்து வேகம் போகும். இழுக்காமல் விட்டால் வளைவின் சுவரில் மேலேறி, மோசமான நாளில் வண்டியே கவிழும். ஒரு பாதையில் பதினைந்து பதினாறு வளைவுகள், மொத்தம் ஒரு நிமிடத்துக்குள். யோசிக்க நேரமில்லை. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை இழுத்து என்று வரிசையாக நடந்தால் தாமதம். இடுப்பில் அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும்தான் செய்தி, கை அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

கல்யாண் லோக்கலில் தினம் போகிறவரைக் கேளுங்கள். தூங்கிக்கொண்டே வருவார், முலுண்டு தாண்டியதும் யாரும் எழுப்பாமல் எழுந்து பையை எடுப்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தண்டவாளம் எங்கே மாறுகிறது, எங்கே வண்டி ஒரு பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. நல்ல பைலட்டும் அப்படித்தான். உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. உடம்புக்கு மட்டும் தெரிந்ததை இன்னொருவர் உடம்புக்கு எப்படி மாற்றுவது?

லூடர்ஸ் 1970-ல் எட்மன்டனில் பிறந்தவர். முதலில் டெகாத்லான், அதாவது ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் சேர்ந்த பத்துப் போட்டி விளையாட்டு. இந்த வழியில் வந்தவர்கள் பாப்ஸ்லெட்டில் நிறையப் பேர். கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஹோப்பேவும் டெகாத்லான்தான், 1984 சரயேவோவில் இரண்டு தங்கம். அதற்கு முந்தைய மைன்ஹார்ட் நேமர் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர், முப்பது வயதைத் தாண்டி இந்த வண்டியில் ஏறி மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். இருவரும் பின்னால் பயிற்சியாளர்கள் ஆனார்கள். எனவே லூடர்ஸ் போன பாதை புதிதில்லை. கனடாவில் அவருக்கு வாய்த்த வசதி, 1988 ஒலிம்பிக்குக்காகக் கால்கரியில் கட்டிய பனிப்பாதை. அங்கேதான் 1992-ல் தன் முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தில் இறங்கினார், அதிலேயே ஜெயித்தார். முதல் நாளே ஜெயிப்பது நல்லதா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. என் மைதானத்தில் அப்படி ஜெயித்த பிள்ளைகளில் பாதிப் பேர் அடுத்த வருடம் வருவதில்லை. இவர் ஐந்து ஒலிம்பிக் வரை வந்தார்.

ஜப்பானின் நாகானோவுக்கு வருவோம். 1998 பிப்ரவரி, குளிர்கால ஒலிம்பிக், இருவர் பந்தயம். லூடர்ஸுக்குப் பின்னால் தள்ளியவர் டேவ் மெக்கீச்சர்ன். எதிரே இத்தாலியின் குந்தர் ஹூபர், அவருக்குப் பின்னால் அந்தோனியோ தர்தாலியா. இரண்டு நாள், நான்கு ஓட்டம், மொத்தத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் பனி. கூட்டினால் இரு அணிக்கும் 3 நிமிடம் 37.24 நொடி. அந்த வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது சுமார் முப்பத்தைந்து சென்டிமீட்டர். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூ அளக்கிற முழத்துக்கும் குறைவு. அந்த அளவுகூட ஒருவர் முந்தவில்லை. இரண்டு அணிக்கும் தங்கம் கொடுத்தார்கள். கனடாவுக்குப் பாப்ஸ்லெட் தங்கம் 1964-க்குப் பிறகு அதுதான்.

பக்கத்து விளையாட்டான லூஜில், அதாவது சின்னச் சறுக்குப் பலகையில் மல்லாந்து படுத்து இறங்குவதில், ஆயிரத்தில் ஒரு நொடி வரை அளக்கிறார்கள். பாப்ஸ்லெட்டில் நூறோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால்தான் இதில் அடிக்கடி இப்படிச் சமன் வருகிறது. எனக்கு இந்த நிறுத்தம் பிடித்திருக்கிறது. கால் முழத்தையும் அளந்து யாரைத் தோற்றவர் என்று சொல்லப் போகிறோம்? ஆனால் முன்பு இவ்வளவு தாராளம் கிடையாது. 1968-ல் இத்தாலியின் யூஜெனியோ மோன்டியும் மேற்கு ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் ஃப்ளோத்தும் இதே இருவர் பந்தயத்தில் மொத்த நேரத்தில் சமமாக வந்தார்கள். ஒற்றை ஓட்டத்தில் யார் அதிவேகம் என்று பார்த்து மோன்டிக்குத் தங்கம், ஃப்ளோத்துக்கு வெள்ளி. மோன்டிக்கு அப்போது நாற்பது வயது, அது கிடைக்காவிட்டால் ஊரே அழுதிருக்கும். 1964-ல் தன் வண்டியின் போல்ட்டைக் கழற்றிப் பிரிட்டன் அணிக்குக் கொடுத்து, அவர்கள் தங்கம் வாங்க, தான் வெண்கலத்தோடு நின்ற மனிதர் அவர். ஆனாலும் ஃப்ளோத்தை நினைத்தால் எனக்குச் சங்கடம்தான். முப்பது வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் அவருக்கும் தங்கம்.

அதே நாகானோவில் நால்வர் பந்தயத்தின் வெண்கலமும் பிரிட்டன், பிரான்ஸ் என்று இரண்டாகப் பிரிந்தது. அந்த இருவருக்கும் நூறில் இரண்டு நொடி பின்னால் நின்றவர் அமெரிக்காவின் பிரையன் ஷைமர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

லூடர்ஸின் மற்ற வெற்றிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-லும் 2005-லும் இருவர் பந்தயத்தில் உலக சாம்பியன். 2006 தூரினில் வெள்ளி. அப்போது பின்னால் இருந்தவர் லாஸெல்ஸ் பிரவுன், ஜமைக்காவில் பிறந்தவர், ஒலிம்பிக் தொடங்கச் சில வாரங்களுக்கு முன்புதான் கனடாக் குடியுரிமை கைக்கு வந்தது. 2010-ல் சொந்த நாட்டில், விஸ்லர் பாதையில், முப்பத்தொன்பது வயதில் கடைசி ஒலிம்பிக். இருவரிலும் ஐந்தாம் இடம், நால்வரிலும் ஐந்தாம் இடம். அந்த நால்வர் வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களில் ஜஸ்டின் கிரிப்ஸ் என்று ஓர் இளைஞர் இருந்தார். இவரும் திரும்ப வருவார்.

ஓய்வு பெற்றதும் முதலில் கனடாவிலேயே புதிய பைலட்டுகளுக்குச் சொல்லித்தந்தார். 2012-ல் ரஷ்யா கூப்பிட்டது, சோச்சி ஒலிம்பிக் அவர்கள் வீட்டில். 2014-ல் ரஷ்யாவின் அலெக்சாண்டர் சுப்கோவ் இருவர், நால்வர் இரண்டிலும் முதலில் வந்தார். ஒரு பயிற்சியாளருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். 2017-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் அந்த இரண்டு தங்கமும் பறிக்கப்பட்டன. இருவர் தங்கம் ஸ்விட்சர்லாந்தின் பியாட் ஹெஃப்டி அணிக்கும், நால்வர் தங்கம் லாட்வியாவின் ஓஸ்கர்ஸ் மெல்பார்டிஸ் அணிக்கும் போயின. அது வீரர்கள் மீதான தீர்ப்பு, லூடர்ஸ் மீதானதல்ல. இருந்தாலும் வளைவு வளைவாகச் சொல்லிக்கொடுத்த வேலை அந்தப் பதிவேட்டிலிருந்து அழிந்துபோனது. பயிற்சியாளருக்கு மேடையில் பதக்கம் போடுவதில்லை. அவர் பெயர் சீடனின் பெயருக்குப் பின்னால்தான் நிற்கும், அந்தப் பெயர் போனால் இதுவும் போகும்.

எனக்கு அவர் வாழ்க்கையில் பிடித்த பகுதி கொரியா. கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

தென்கொரியாவில் அப்போது பனிப்பாதையே கிடையாது. ஆரம்ப நாட்களில் வெளிநாடு போய் வாடகை வண்டியில் ஓட்டிப் பழகியவர்கள் அவர்கள். 2010-ல் உடற்கல்வி ஆசிரியராக ஆசைப்பட்ட கல்லூரி மாணவர் ஒருவர் தேர்வு அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போய் நிற்கிறார். பெயர் வோன் யுன்-ஜோங். எடை போதாது என்று சாப்பிட்டுச் சாப்பிட்டே இருபது கிலோவுக்கு மேல் ஏற்றினார். இந்த அணிக்குக் கிடைத்த பெரிய வரம் மால்கம் லாய்ட் என்ற பிரிட்டிஷ் பயிற்சியாளர், எல்லோரும் 'கோமர்' என்று கூப்பிடுவார்கள். அவர் 2016 ஜனவரி தொடக்கத்தில் புற்றுநோயால் இறந்துபோனார். அதே மாதம் விஸ்லரில் வோனும் அவர் கூட்டாளி சோ யங்-வூவும் கொரியாவின் முதல் உலகக் கோப்பைத் தங்கத்தை வாங்கினார்கள், அதுவும் ஒரு ஸ்விஸ் அணியோடு சமமான நேரத்தில். வாத்தியார் பார்க்க இல்லை.

அந்த வாத்தியாரின் இடத்துக்குத்தான் லூடர்ஸ் வந்தார். வருத்தத்தில் இருக்கும் பிள்ளைகள், வேற்று மொழி, இரண்டே வருடத்தில் பியோங்சாங்கில் சொந்த மண்ணில் ஒலிம்பிக். எனக்கு நடுவருடத்தில் வேறொருவர் வகுப்பை ஏற்றுக்கொண்ட அனுபவம் உண்டு. பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பார்கள், ஆனால் கண்ணில் பழைய சார்தான் இருப்பார். அதை வெல்வதற்குப் பதக்கத்தைக் காட்டுவது உதவாது, வேலையைக் காட்டுவதுதான் உதவும்.

பாப்ஸ்லெட் பயிற்சியாளரின் வேலை என்ன என்று கேட்டால், பார்க்கச் சப்பென்று இருக்கும். காலையில் பைலட்டோடு பாதையில் நடப்பார். ஆம், அந்தப் பனிக்கால்வாயில் நடந்தே போவார்கள், முள் வைத்த காலணியோடு. நேற்று எங்கே பனி தேய்ந்திருக்கிறது, இன்று ஆட்கள் எங்கே தண்ணீர் தெளித்துப் புதிதாக உறையவைத்திருக்கிறார்கள், இந்த வளைவில் உள்ளே நுழையும்போது சுவரோடு எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும், வெளியே வரும்போது எங்கே வளையத்தை விட வேண்டும். இதைத்தான் பேசுவார்கள். அப்புறம் வளைவுகளில் கேமராவோடு நின்று பார்ப்பது, சாயங்காலம் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பேசுவது. பைலட் 'எனக்கு வலது பக்கம் லேசாகத் தூக்கியது' என்பார். பயிற்சியாளர் அதைக் கேட்டுவிட்டு, தப்பு அந்த வளைவில் இல்லை, இரண்டு வளைவுக்கு முன்னால் நடந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஐந்தாவதில் செய்த பாவம் ஏழாவதில்தான் தெரியும். பைலட் சீட்டில் உட்கார்ந்தவருக்கே இது கேட்கும் என்று நினைக்கிறேன். முழங்கால் எங்கே இடித்தது என்று சீடன் சொல்லும்போது, லூடர்ஸுக்குத் தன் முழங்காலே வலித்திருக்கும்.

பியோங்சாங் பாதையில் 16 வளைவுகள். ஒன்பதாவது வளைவு பெயர் கெட்டது. லூஜில் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லோக் கடைசி ஓட்டம் வரை முதலில் இருந்து, அந்த இடத்தில் பக்கவாட்டில் சறுக்கி ஐந்தாம் இடத்துக்குப் போனார். கொரிய அணி என்ன செய்தது என்றால், அந்த ஒலிம்பிக் பருவத்தில் உலகக் கோப்பைச் சுற்றைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. உலகத் தரவரிசை போகட்டும் என்று, அந்த ஒரே பாதையில் நூற்றுக்கணக்கான முறை இறங்கினார்கள். தினம் கல்யாண் லோக்கல் பிடிப்பதுபோல. வளைவு வருவதற்கு முன் உடம்பு எழுந்து பையை எடுக்கும் நிலைக்கு வர வேண்டும், அதுதான் கணக்கு.

இந்தக் கணக்குக்கு விலையும் உண்டு. 2018 பிப்ரவரியில் இருவர் பந்தயத்தில் முதல் ஓட்டத்துக்கு முப்பது அணிகளில் முப்பதாவதாக இறங்கும் நிலை வந்தது. இருபத்தொன்பது வண்டிகள் கீறிய பனி, அதில் கடைசி ஆள். இரவு பத்தரை மணிக்கு மெஸ்ஸில் மிஞ்சிய சாம்பார் மாதிரி. முதல் ஓட்டம் முடிந்தபோது 11-ஆம் இடம். அங்கிருந்து பிடித்துப் பிடித்து ஏறி 6-ல் முடித்தார்கள். அந்தப் பந்தயத்தின் மேல்பக்கம் நடந்ததுதான் எனக்கு இன்றும் நம்ப முடியாதது. ஜெர்மனியின் பிரான்செஸ்கோ ஃப்ரீட்ரிக், தோர்ஸ்டன் மார்கிஸ் ஜோடி 3 நிமிடம் 16.86 நொடி. கனடா ஜோடியும் 3 நிமிடம் 16.86 நொடி. நாகானோவுக்குச் சரியாக இருபது வருடம் கழித்து, அதே இருவர் பந்தயத்தில், மறுபடி இரண்டு தங்கம், மறுபடி அதில் ஒன்று கனடாவுக்கு. கனடா வண்டியை ஓட்டியவர் ஜஸ்டின் கிரிப்ஸ், பின்னால் அலெக்சாண்டர் கோபாட்ச். எட்டு வருடம் முன்பு விஸ்லரில் லூடர்ஸ் முதுகுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்த அதே கிரிப்ஸ். லூடர்ஸ் அன்றைக்கு எதிர் அணியின் சட்டையில் கொரியர்களோடு நின்றுகொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கற்பனை செய்து எழுதப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு அவர் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசை.

ஆறு நாள் கழித்து, ஒலிம்பிக்கின் கடைசி நாளில், நால்வர் பந்தயம் முடிந்தது. ஃப்ரீட்ரிக் அணி தங்கம். வெள்ளிக்கு ஜெர்மனியின் நிகோ வால்தர் அணி 3 நிமிடம் 16.38. வோன், சோ, கிம் டோங்-ஹ்யுன், ஜுன் ஜுங்-லின் சேர்ந்த கொரிய அணியும் 3 நிமிடம் 16.38. பாப்ஸ்லெட்டில் ஆசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. தரவரிசையில் எங்கோ கீழே இருந்த அணி. தன் ஒரே ஒலிம்பிக் தங்கத்தைப் பங்குபோட்டு வாங்கிய லூடர்ஸ், சீடர்கள் வெள்ளியைப் பங்குபோடுவதைப் பார்த்தார்.

சரி, சாம்பியன் நல்ல வாத்தியார் ஆக முடியுமா? பெரும்பாலும் முடியாது என்பதுதான் என் அனுபவம். ஒரு முறை எங்கள் மைதானத்துக்குப் பெரிய ஓட்டக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தோம். பெயர் வேண்டாம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். 'தொடக்கத்தில் எப்படிச் சார் எழுவது?' என்று ஒரு பெண் கேட்டாள். அவர் 'இப்படித்தான்' என்று எழுந்து ஓடிக் காட்டினார். அழகாக ஓடினார். திரும்பி வந்து மறுபடி 'இப்படித்தான்' என்றார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு அது ஒரு நாளும் கஷ்டமாக இருந்ததில்லை. சிக்கியிருந்தால்தானே எங்கே சிக்குகிறது என்று தெரியும்? எனவே நான் ஒருவர் பயிற்சியாளராக வருவார் என்று கணிக்கப் பதக்கங்களைப் பார்ப்பதில்லை, நடுவில் உள்ள தோல்விகளைப் பார்ப்பேன். லூடர்ஸிடம் அவை ஏராளம். நாகானோவுக்கும் தூரினுக்கும் நடுவில் எட்டு வருடம், பிறகு சொந்த ஊர் ஒலிம்பிக்கில் இரண்டு ஐந்தாம் இடம். வீட்டுப் பாதையில் எல்லோரும் எதிர்பார்த்து நிற்கும்போது கை எப்படி இறுகும் என்று வோனுக்குச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் ஷைமர்தான். நாகானோவில் நூறில் இரண்டு நொடியில் பதக்கத்தை விட்டவர், 2002-ல் தன் ஐந்தாவது ஒலிம்பிக்கில், முப்பத்தொன்பது வயதில், நால்வர் பந்தயத்தில் வெண்கலம் வாங்கினார். பிறகு அமெரிக்க அணியின் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் இருந்த பைலட் ஸ்டீவன் ஹோல்கம் கருவிழி நோயால் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையை இழந்துகொண்டிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. பாதி மங்கலில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், அதிலும் நன்றாக ஓட்டினார், உடம்பால் ஓட்டுவது என்றேனே, அதுபோல. ஒரு நாள் ஷைமரிடம் உண்மையைச் சொல்லி விலகுகிறேன் என்றார். பயிற்சியாளர் விடவில்லை, வைத்தியத்துக்கு வழி தேடினார். 2008-ல் கண்ணுக்குள் லென்ஸ் வைத்த பிறகு ஹோல்கமுக்கு வந்த புதுப் பிரச்சினை, எல்லாம் தெளிவாகத் தெரிந்ததுதான்! கண் குறுக்கே வந்து உடம்பு சொல்வதைக் கெடுத்ததால், கீறல் விழுந்த அழுக்குக் கண்ணாடியோடு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். 2010-ல் விஸ்லரில் நால்வர் தங்கம், அமெரிக்காவுக்கு 62 வருடத்துக்குப் பிறகு. லூடர்ஸ் ஐந்தாவதாக வந்த அதே பந்தயம். ஷைமர் அந்த நாளில் ஒரு வளைவைக்கூடக் கற்றுத்தரவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பையனை வண்டியை விட்டு இறங்கவிடாமல் பிடித்துவைத்தது பயிற்சிதான்.

இனி அண்ணன். முதலில் கெட்ட செய்தி. இந்தியாவில் உறையவைத்த பாப்ஸ்லெட் பாதை ஒன்றும் இல்லை. ஆசியாவிலேயே பியோங்சாங்கும், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குக் கட்டிய யான்சிங்கும்தான். லூடர்ஸ் தங்கம் வாங்கிய நாகானோ பாதையில் செலவு தாங்காமல் 2018-லேயே பனி உறையவைப்பதை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பக்கம் நமக்குத் தெரிந்த ஒரே பெரிய பெயர் லூஜில் ஆறு ஒலிம்பிக் போன ஷிவா கேசவன், அப்பா மலையாளி, அம்மா இத்தாலிக்காரர், மணாலி பக்கத்துப் பையன். பதினாறு வயதில் நாகானோவில் தொடங்கிப் பியோங்சாங்கில் முடித்தார். அதாவது லூடர்ஸ் தங்கத்துக்கும் கொரியா வெள்ளிக்கும் நடுவிலுள்ள அதே இருபது வருடம். அவரை இந்த விளையாட்டுக்குள் இழுத்தது நாம் சனி ஞாயிறு ஸ்ட்ராபெர்ரி சாப்பிடப் போகிற பஞ்ச்கனியில் நடந்த ஒரு முகாம். குந்தர் லெம்மரர் என்ற ஆஸ்திரிய லூஜ் சாம்பியன் பயிற்சியாளராக வந்து நடத்தியது. பிறகு இமயமலைத் தார்ச்சாலைகளில் சக்கரம் வைத்த பலகையில் படுத்து, லாரிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே இறங்கிப் பழகினார் கேசவன்.

நல்ல செய்தி, அண்ணன் பைலட் ஆக வேண்டியதில்லை. தொண்ணூறு கிலோ, நல்ல வேகம் என்றால் அது தள்ளுகிறவர் உடம்பு. வயது ஒரு பிரச்சினையே இல்லை. வோன் தொடங்கியது இருபது வயதைத் தாண்டிச் சில வருடம் கழித்துத்தான். 2010-ல் லூடர்ஸோடு இருவர் வண்டியில் தள்ளிய ஜெஸ்ஸி லம்ஸ்டன் கனடாவின் ஃபுட்பால் ஆட்டக்காரர், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற அந்த ஃபுட்பால். நூறு மீட்டர் நேரத்தைப் பார்க்காதீர்கள், முதல் முப்பது மீட்டரைப் பாருங்கள். அதன்பின் தோளில் பளுவோடு குந்தி எழுவதில் எவ்வளவு தூக்குகிறார், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தாண்டுகிறார். இந்த மூன்றும் நன்றாக இருந்தால் அப்புறம் பேசுவோம். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. தாதர் மார்க்கெட் பக்கம் காலையில் காய்கறி மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தெரிந்த வண்டிக்காரர் யாரையாவது கேட்டு, அண்ணனை நாலு மூட்டை வெங்காயத்தோடு ஐம்பது மீட்டர் தள்ளச் சொல்லுங்கள். 170 கிலோ கிட்டத்தட்ட வந்துவிடும். உள்ளே மட்டும் தாவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வண்டிக்காரர் அடிக்க வருவார்.